முரளி எழுந்துகொண்ட நாடகம்

கஞ்சி போட்டு, சொட்டு நீலத்தில் முக்கி உலர்த்திய வெள்ளை வேட்டியின் வாசனை எனக்கு இன்றும் பிணத்தின் வாசனைதான். பத்து வயதில் அப்படி ஒரு வேட்டியைத் தலை வரை போர்த்திக்கொண்டு, மைசூர் ரயில்வே குவார்ட்டர்ஸ் ஹாலின் மேடையில் நான் பிணமாகப் படுத்திருந்தேன். பல்பின் வெளிச்சம் துணி வழியாக மஞ்சளாக இறங்கும். துணி அசையாமல் வாயைத் திறந்து மெல்ல மூச்சு விட என்னைப் பழக்கியிருந்தார் சுந்தரி அத்தை.

சுந்தரி அத்தை என் அப்பாவின் தங்கை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. குவார்ட்டர்ஸின் தமிழ்க் குடும்பங்கள் ஒவ்வொரு பொங்கலுக்கும் கூடும் விழாவில், தானே நாடகம் எழுதி, தானே குரலை மாற்றி மாற்றி நாலைந்து பேராக நடிப்பார். அவருடைய நாடகங்களுக்கு ஒரு முறை இருந்தது. அக்கம்பக்கத்துக் கன்னடக்காரர்களும் வந்து உட்கார்ந்து சிரிக்க வேண்டும் என்பதற்காகச் சிரிப்புப் பேச்செல்லாம் கன்னடம் கலந்து வரும். அழுகை மட்டும் தமிழில், அதுவும் அவர் பிறந்த, கொள்ளேகால் பக்கத்துக் கௌதள்ளியில் சாவு வீட்டுப் பெண்கள் அழுகிற தமிழில் வரும். "நல்லா சிரிச்சு வாயைத் தொறந்திருக்கறப்பதான் கசாயத்தை ஊத்தணும்" என்பார்.

அந்த வருஷத்து நாடகம் வேறு மாதிரியானது. முந்தின கோடையில் அவருடைய ஒரே மகன் முரளி மூளைக்காய்ச்சலில் இறந்துபோயிருந்தான். என் வகுப்பு, என் உயரம். அவனைக் கிடத்தியிருந்த கூடத்தில் வந்தவர்கள் பேசியதையெல்லாம் அத்தை சுவரோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாரே தவிர, அழவில்லை. "கல்லு மாதிரி உக்காந்திருக்கா பாரு" என்று அவர் காதுபடவே சொன்னார்கள். அன்று வராத அழுகையை அதே ஆட்களுக்கு முன்னால் ஒருதடவை முழுசாக அழுது முடித்துவிட வேண்டும் என்று என் அம்மாவிடம் அவர் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். அதற்காக எழுதிய நாடகம் அது.

ஒத்திகையில் சிரிப்புப் பகுதியை மட்டும் நடிப்பார். கடைசிப் பகுதி வந்ததும், "இது அன்னைக்கு வரும்" என்று நிறுத்திவிடுவார். நான் பெண்ணாயிற்றே, முரளியின் சட்டையைப் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "வேணாம்டி, அப்புறம் நெஜமாயிடும்" என்றார்.

விழாவை நடத்திய செகரட்டரி ஒத்திகையைப் பார்த்துவிட்டு வந்தார். "சக்கத்தா இருக்கும்மா சுந்தரி. ஆனா கடைசில அழுகைங்கறியே, அது வேணாமே. ஹப்பத்தன்னைக்கு, பண்டிகையும் அதுவுமா, ஏம்மா பேஜாரு? பசங்களுக்குத் தமிழும் அவ்வளவா புரியாது. வேணும்னா அதையும் கன்னடத்துலயே ஸ்வல்பமா, ரெண்டு வார்த்தைல முடிச்சிடு."

"கன்னடத்துல சண்டை போடுவேன் சார், காய்கறி பேரம் பேசுவேன், ஜோக்கும் அடிப்பேன்" என்றார் அத்தை. "அழறதுக்கு வரல."

பொங்கலன்று முதல் பாதி முழுக்க ஹால் அதிர்ந்தது. அத்தையின் குரலில் ஒரு கொள்ளேகால் பெரியவர் பிணத்தின் தலைமாட்டில் நின்றுகொண்டு, "கடைசி பஸ்ஸு போயிருமுங்க, வெரசா எடுத்தாத் தேவலைங்க" என்கிறார். துக்கம் கேட்க வந்த எதிர்வீட்டம்மா காபியை மிச்சமில்லாமல் குடித்துவிட்டு, "சக்கரெ ஸ்வல்ப ஜாஸ்தி ஆய்த்து" என்று சர்க்கரை கூடிப்போனதைக் குறைசொல்லி டம்ளரை நீட்டுகிறாள். இரண்டும் முரளி கிடந்த அன்று அந்தக் கூடத்தில் உண்மையாகவே சொல்லப்பட்டவை. சொன்னவர்களும் இப்போது முன்வரிசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு அத்தை என் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தார். "பையி மாட்ட ஆணி அடிச்சேன் ராசா, பையும் இருக்குது, ஆணியும் இருக்குது" என்று ஆரம்பித்த குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அப்போதுதான் பின்பக்கத்திலிருந்து பிஸிபேளேபாத் வாசனை வந்தது. சாப்பாட்டுக்கு எழுந்தவர்களின் இரும்பு நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் கிறீச்சிட்டன. ஒரு குழந்தை, "ஏனம்மா ஹேள்தாரே?" என்று அவர் என்ன சொல்கிறார் எனக் கேட்டது. அதன் அம்மா சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது: "சும்னிரு, இப்ப ஜோக் வரும்." அந்த ஜோக்கை எதிர்பார்த்தே யாரோ முன்கூட்டிச் சிரித்தார்கள்.

மூன்றாவது வரியில் அத்தை நிறுத்திவிட்டார். அவர் கை என் நெஞ்சின் மேல் இருந்தது. பிறகு டெலிபோனில் பேசுகிற அந்தத் தெளிவான குரலில், "ஊட்டக்கே ஹொத்தாய்த்து. இவனன்னூ எப்பிஸி" என்றார். சாப்பாட்டுக்கு நேரமாச்சு, இவனையும் எழுப்புங்க என்று அர்த்தம். சொல்லிக்கொண்டே வேட்டியை அவரே உருவினார். எனக்கு வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. எழுந்து உட்கார்ந்து கண்ணைக் கசக்கினேன்.

போனவர்களெல்லாம் திரும்பி வந்து கை தட்டினார்கள். "இந்த மாதிரி முடிவு நான் பார்த்ததே இல்லம்மா" என்றார் செகரட்டரி.

அடுத்த பொங்கலுக்கும் அதே நாடகத்தைக் கேட்டார்கள், அதற்கடுத்த பொங்கலுக்கும். ஒவ்வொரு முறையும் அழுகை இரண்டே வரிதான். உடனே முரளி சாப்பிட எழுந்துகொள்வான். நான் வேட்டிக்குள் பையனாகத் தெரியாத அளவுக்கு வளர்ந்ததும் நாடகம் நின்றது. அதற்குப் பிறகு அத்தை எதுவும் எழுதவில்லை. எங்கேயும் எதற்கும் அவர் அழுததை யாரும் பார்த்ததில்லை.

அந்த ஹாலை இடித்து வண்டி நிறுத்தும் இடமாக்கிவிட்டார்கள். பொங்கல் கூட்டம் இப்போது விஜயநகரில் ஒரு வாடகை மண்டபத்தில் நடக்கிறது. பிள்ளைகள் தமிழ்ப் பாட்டைக் கன்னட எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு படிக்கிறார்கள். நாடகம் கிடையாது. தன் கணவரும் இறந்த பிறகு அத்தை இங்கே எங்களோடுதான் இருக்கிறார். என் மகள்களிடம் கன்னடம் மட்டும் பேசுகிறார், அவர்களுக்கு அதுதான் வருகிறது.

போன வாரம் அவருக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோது, மூன்றாவது வரிக்குப் பிறகு என்ன வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்டேன். பையி, ஆணி என்று அவர் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தார்.

"அதுக்கப்புறம் ஏது? நீதான் எந்திரிச்சுட்டியே" என்றார்.