வலது கைக் கடன்

பிச்சைமுத்துவுக்குப் பத்துமலை தரவேண்டியது எண்ணூறு மலேசிய வெள்ளி. தெலுக் இந்தான் சாலையில், எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிய லாரிக்குக் கியர்பாக்ஸ் உடைந்த அன்று கைமாற்றாக வாங்கியது. மறுவாரம் தருவதாகப் பேச்சு. மறுவாரம் ஸ்ட்ரோக் வந்து, பத்துமலையின் வலது கை செத்த கோழி மாதிரித் தொங்கிப்போனது.

ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவரின் மகன் பத்துமலை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவர், இன்று நாலு லாரிக்கு முதலாளி. பிச்சைமுத்துவிடம் என்ன இருக்கிறது? மாமனார் கொடுத்த வீடும் ஓயாத வாயும்தான். அந்த வாயைத்தான் சிம்பாங் பூலாய் ஜுபைர் ரொட்டிக் கடையில் திறந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பத்துமலை இடது கையால் காசை நீட்ட, கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னான்.

“பீச்சாங்கையால நீட்டுற காச வாங்க நான் என்னா கோயில் வாசல்லயா ஒக்காந்திருக்கேன்? கை வரட்டும்லா மச்சான். அவசரமில்ல.”

நாலு பேர் சிரித்தார்கள். பத்துமலையின் மகன் ரூபன், போனிலேயே காசை அனுப்பிவிடுகிறேன் என்றான்.

“அவன் கேட்டது இந்தக் கைய. இதுதான் குடுக்கும்” என்றுவிட்டார் பத்துமலை.

ஈப்போ ஆஸ்பத்திரியில், கை கால் விழுந்தவர்களுக்கு அன்றாட வேலைகளை மறுபடி பழக்கிவிடுகிற பிரமிளா, கேள்வித்தாளோடு உட்கார்ந்தாள்.

“ஒங்க வாழ்க்கை எப்படி இருக்கு அங்கிள்? ரொம்ப மோசம்னா ஒன்னு, ரொம்ப நல்லதுன்னா அஞ்சு.”

“நாலு லாரிக்காரன அஞ்சுக்குள்ள அடைக்கப் பாக்குறியா?”

தூக்கம் கேட்டாள். கூட்டாளிகளைக் கேட்டாள். தாம்பத்தியத்தில் திருப்தியா என்றும் கேட்டாள்.

“வெளிய குமுதா ஒக்காந்திருக்கா, அவளக் கேளு. என்னைய விடக் கொறச்சுத்தான் போடுவா.”

பிரமிளா சிரிக்காமல் எழுதிக்கொண்டாள். மனுசன் வாழ்க்கையைச் செம்பனைக் குலை மாதிரி நிறுக்கிறார்களாம். எடைக்கல்லை எங்கே வைப்பது என்றே தெரியாமல். பத்துமலைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் தாளைக் கவிழ்த்து வைத்தாள். “சரி, இந்தக் கையால எத செய்ய முடியலன்னு ரொம்ப வேகுது?”

“பிச்சைமுத்து கையில காசு எண்ணி வைக்க முடியல.”

“அதுக்கு எத்தன போடுவீங்க?”

“ஒன்னு. அதுக்குக் கீழதான் நீ ஒன்னும் வைக்கலயே.”

அதன்பின் அவள் களிமண் உருட்டச் சொல்லவில்லை. ஒரு கட்டு நோட்டைக் கொடுத்து, ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் தள்ளச் சொன்னாள். வீட்டிலும் அதே வேலை. நோட்டு ஒட்டிக்கொள்ளும், வழுக்கும், தரையெல்லாம் சிதறும். பொறுக்கிப் பொறுக்கி அலுத்துப்போனாள் குமுதா.

“ஆயிரம் ஆயிரமா எண்ணுன கை, அம்பது வெள்ளிக்கு ஆடுறதப் பாரு.”

கை முழுதாகத் திரும்பவில்லை. இரண்டு விரல் மட்டும் சொன்ன பேச்சுக் கேட்டது. பிரமிளா மறுபடி கேள்வித்தாளை எடுத்தாள்.

“வெள்ளிக்கெழமைக்கு அப்புறம் கேளு” என்றார் அவர்.

வெள்ளிக்கிழமை, ஜுபைர் கடையில் கூட்டம் நெரியும் நேரமாகப் பார்த்துப் போனார்.

“பேங்க்ல போட்டிருக்கலாம்லா மச்சான்” என்று இளித்தான் பிச்சைமுத்து.

“கைய நீட்டு.”

முதல் ஐம்பது வெள்ளி பிரிந்து வருவதற்குள் பிச்சைமுத்துவின் தே தாரிக் டீயில் ஆடை கட்டியது. பிறகு அடுத்தது. நீட்டிய கை வலிக்க, முழங்கையை மறு கையால் தாங்கிக்கொண்டான். பாதியில் ஒரு நோட்டு நழுவி மேசைக்கடியில் விழுந்தது.

“விழுந்தது கணக்குல இல்ல. எடுத்துக் குடு, மொதல்லேருந்து எண்ணுறேன்.”

பிச்சைமுத்து குனிந்தான். ஜுபைர் ரொட்டி வீசுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பத்துமலை எல்லா நோட்டையும் திரும்ப வாங்கி, முதலிலிருந்து எண்ணினார். இடது கை கிட்டவே வரவில்லை. கடைசி நோட்டையும் இரண்டு விரலால் பிடித்து, பிச்சைமுத்துவின் உள்ளங்கையில் வைத்தார்.