அடுத்த அறுவடைக்கு நிக்கமாட்டார்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது எங்கள் வீட்டின் மொழிபெயர்ப்பாளர் நான்தான். ஸ்டுட்கார்ட்டுக்கு அருகே, திராட்சை மலைகளின் அடிவாரத்தில் ஒரு சிறிய ஊரில் இருந்தோம். அப்பாவின் ஜெர்மன் வெட்டு, தூக்கு, போதும், நாளைக்கு என்ற அளவில் நின்றுவிட்டது. ஒரு கிழவரின் திராட்சைத் தோட்டத்தில் பத்து வருடம் வேலை செய்ய அதுவே போதுமாக இருந்தது.

குளிர்காலத்தில் அப்பாவும் கிழவரும் செங்குத்தான சரிவில் நின்று கொடி வெட்டுவார்கள். வெட்டிய தடிகளைத் தகரப் பீப்பாவில் எரித்துக் குளிர்காய்வார்கள். நெருப்போரம் கிழவரின் சொந்தச் சிவப்பு வைன் போத்தல் சூடாகிக்கொண்டிருக்கும். அப்பா அரைக் கோப்பைக்கு மேல் தொடமாட்டார். வீட்டில் அதற்குப் பெயர் குளிருக்கு மருந்து. "மருந்தெண்டால் கரண்டியிலை எல்லோ குடிக்கிறது?" என்பார் அம்மா.

எங்கள் நாட்டில் சண்டை நின்றிருந்த ஒரு தை மாதத்தில், எங்களுக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் ஊருக்குப் போய்வர ஆயத்தமாகிக்கொண்டிருந்தார்கள். அம்மாவுக்குச் சனிக்கிழமையும் வேலை என்பதால் அப்பா என்னைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். கிழவர் அன்று கத்திரிக்கோலைத் தொடவில்லை. பழப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து அதில் உட்கார்ந்திருந்தவர் என்னைக் கிட்டே கூப்பிட்டார். அடுத்த அறுவடைக்குத் தான் இருக்கப்போவதில்லை என்று அப்பாவிடம் சொல்லச் சொன்னார்.

"அடுத்த அறுவடைக்கு நிக்கமாட்டாராம்," என்றேன்.

"ஏன், எங்கை போறாராம்?"

எனக்குக் குளிரில் கால் விறைத்திருந்தது. கிழவரின் மகள் ஹம்பூர்க்கில் இருப்பது தெரியும். "மகளிட்டையாக்கும்," என்றேன்.

அப்பாவின் முகம் மலர்ந்தது. "நெடுக உழைச்ச மனுசன். சந்தோசமாப் போயிட்டு வாங்கோ எண்டு சொல்லு பிள்ளை. கொடியளை நான் பாப்பன்."

அதைப் பிழையில்லாமல் சொன்னேன். கிழவர் அப்பாவையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்து வந்து, அப்பாவின் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். விட வெகுநேரமாயிற்று.

சித்திரையில், கொடிகள் துளிர்விட்டபோது, கிழவர் இறந்துவிட்டதாக மகள் தொலைபேசியில் சொன்னாள். கிறிஸ்துமஸுக்கு முன்பே வைத்தியர்கள் கைவிட்டிருந்தார்களாம். அன்று கிழவர் என்ன சொன்னார் என்று அப்பா திரும்பக் கேட்டார். இந்த முறை "நிக்கமாட்டார்" என்று சொல்லாமல் "இருக்கமாட்டார்" என்றேன். அப்பா என்னை ஏசவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். "சாகப்போற மனுசனைப் பாத்துச் சிரிச்சுக்கொண்டெல்லோ நிண்டிருக்கிறன்," என்றார்.

சவ அடக்கத்தன்று அப்பா மயானத்துக்குள் வராமல் வாசலிலேயே நின்றார். எல்லாம் முடிந்ததும் மகள் எங்களைத் தேடி வந்தாள். கிழவர் தன் நோயைச் சொன்னபோது எல்லோரும் அழுதார்களாம், இல்லையென்றால் பேச்சை மாற்றினார்களாம். உன் அப்பா ஒருவர்தான் நல்லபடி போய்வாருங்கள், தோட்டத்தை நான் பார்க்கிறேன் என்று சொன்னாராம். கடைசிவரை கிழவர் அதையே சொல்லிக்கொண்டிருந்தார் என்றாள்.

அவள் சொன்னது என்னவென்று அப்பா என் முகத்தைப் பார்த்தார். அந்தச் சனிக்கிழமையை அவருக்கு மறுபடி நினைவூட்டக் கூடாது என்று நினைத்தேன்.

"நன்றி சொல்லுறா," என்றேன்.

அப்பா தலையாட்டிவிட்டு நடந்தார். அந்த மலைக்கு அவர் பிறகு போகவில்லை. அவரைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் அன்று நம்பினேன். மகள் சொன்ன அந்தச் சொற்கள் அவருக்கு எவ்வளவு தேவைப்பட்டன என்பது எனக்கு விளங்கியபோது, சொல்ல அப்பா இல்லை.