அச்சுப் பலகையில் ஒரு கடிகாரம்

தறிக்குழியில் காலை இறக்குவதற்கு முன் தேவேந்திரன் கதவைச் சாத்திக்கொள்கிறார். எவ்வளவு புழுங்கினாலும் மூன்று மாதமாக இதுதான் வழக்கம். பிறகு வேட்டி மடிப்பிலிருந்து ஒரு கைக்கடிகாரத்தை எடுத்து, முன்னும் பின்னும் ஆடுகிற அச்சுப் பலகையில் பட்டு இழைகளால் இறுகக் கட்டுகிறார். கையில் கட்டிக்கொண்டு நெய்ய முடியாது. அதன் விளிம்பு பட்டால் பட்டு பிசிறிவிடும். சும்மா வைத்தாலோ இரண்டே நாளில் நின்றுவிடும். அசைவில் ஓடுகிற வகை அது.

வெள்ளை முகம், இருபத்து நான்கு வரை எண்கள், கூடுதலாக ஓர் ஆரஞ்சு முள். துருவப் பனிக்குப் போகிறவர்களை நினைத்துச் செய்த ஸ்போர்ட்ஸ் வாட்ச். தம்பி தினகரன் ஆசைப்பட்டு வாங்கியது. "சித்திர வெயில்ல பனிக்கரடி புடிக்கப் போறியாடா?" என்று இவர் கிண்டல் செய்தார். தம்பி அசரவில்லை. "ஆறு மாசம் விடியாத எடத்துலகூட ராத்திரி எது, பகல் எதுன்னு இது சொல்லும்ணா."

தேவேந்திரன் நெய்யும்போது வெற்றிலை போடமாட்டார். எச்சில் தெறிக்கும் என்பார். மிஞ்சிய சரிகை குண்டூசி நீளம் இருந்தாலும் முதலாளியிடம் கொடுத்துவிடுவார்.

தினகரனுக்கு மார்வலி வந்து ஆஸ்பத்திரியிலேயே முடிந்துபோனது. வார்டில் வேலை செய்யும் பட்டம்மாள் அவன் சங்கிலி, மோதிரம், கடிகாரம் மூன்றையும் ஒரு கவரில் போட்டு, எண்ணி இவர் கையில் கொடுத்தாள். தம்பி அடங்கிவிட்டான், கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பெட்டியில் போட்டு நிற்கவிட அவருக்கு மனம் வரவில்லை. செவிலிமேட்டில் இருக்கும் தம்பி மனைவி காயத்ரி, "வாட்ச் எங்க மாமா?" என்று கேட்டபோது, "அங்க குடுக்கலமா" என்று வாய் சொல்லிவிட்டது. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்றிருந்தார். ஒவ்வொரு நாளைக்கும் நாக்கு கனத்துக்கொண்டே போனது.

காயத்ரி ஆஸ்பத்திரியில் போய்க் கேட்டாள். பட்டம்மாளை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இன்று காலையும் கடிகாரத்தைக் கட்டி நெய்துகொண்டிருந்தபோது பட்டம்மாள் இவர் கதவைத் தட்டினாள்.

"கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ணச் சொல்றாங்கண்ணா. பண்ணிடுவேன். ஆனா கவர நீங்க எண்ணித்தான் வாங்கினீங்கன்னு ஒரு வார்த்த சொன்னா போதும். வூட்டுல எங்கியாவது உருண்டுக்கினு இருக்கும், நல்லா தேடிப் பாருங்க."

அப்போதும் அவள் அவரைச் சந்தேகப்படவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

உள்ளே போனார். முடிச்சு அவிழவில்லை; பட்டு இழைகளைப் பல்லால் கடித்து அறுத்தார். கொண்டுவந்து நீட்டினார்.

பட்டம்மாள் அதைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"நான் தொடமாட்டேன். நீங்களே வந்து உங்க தம்பி சம்சாரத்துகிட்ட குடுங்க."

சட்டை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுக்காமலே தேவேந்திரன் தெருவில் இறங்கினார். பேருந்து நிறுத்தம்வரை அவள் முன்னால் போக, தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரும் பார்க்க, வெற்று மார்போடு பின்னால் நடந்தார், கடிகாரம் இருந்த உள்ளங்கையை விரித்தபடி, ஒரு விரலையும் மடக்காமல்.