செபத்தின் மறுபாதி

2010 ஓகஸ்ட் 14, சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். வானத்தில் ஒரு மேகம் இல்லை, சோளகக் காற்று மணலை வாரி அடித்துக்கொண்டிருந்தது. முப்பத்தொரு வருடம் கணக்குப் படிப்பித்த நான் பேய் பிசாசுக் கதைகளை ஒருநாளும் நம்பியதில்லை. நீங்களும் நம்பவேண்டாம், கேளுங்கள்.

நானாட்டானுக்கு அப்பால் எங்கள் கரையோர ஊரில் மீளக் குடியேறி நாலு மாதம். போரில் ஷெல் விழுந்த நாட்களில் தொற்றிய பழக்கம், எதையும் எண்ணாமல் இருக்க முடியாது. கூரைத் தகரத்தின் ஆணிகள், கிணற்றடிக்கு எத்தனை எட்டு, மனைவி றெஜினா எத்தனை முறை இருமினாள். எண்ணிக்கை பிசகினால் நித்திரை வராது.

“இஞ்சருங்கோ, இப்பிடியே எண்ணிக்கொண்டிருந்தா நான் வவுனியாவுக்கு மகளிட்டைப் போயிடுவன். பிறகு வீட்டிலை ஒண்டு குறையுதெண்டு எண்ணுங்கோ” என்றாள் அவள். சொன்னால் செய்வாள்.

அந்தப் பயத்தில்தான் கூரையில்லாத எங்கள் சிற்றாலயத்துக்குத் தனியே போய், முழங்காலிட்டு, செபமாலையைச் சத்தமாகத் தொடங்கினேன். எங்கள் வழக்கத்தில் ஒருவர் செபத்தின் முன்பாதியைச் சொல்ல, மற்றவர்கள் பின்பாதியைச் சொல்வார்கள். தனி ஆள் என்றால் இரண்டையும் தானே சொல்லவேண்டும். நான் பழக்கத்தில் முன்பாதியோடு நிறுத்திவிட்டேன்.

பின்னாலிருந்து பதில் வந்தது.

நம்பினால் நம்புங்கள், ஒன்றிரண்டு குரல் அல்ல. ஆண்கள், பெண்கள், எல்லாரையும் முந்திக்கொண்டு ஆமென் சொல்லும் ஒரு குழந்தை. நடுவில் றெஜினாவின் கட்டைக் குரல் தெளிவாகக் கேட்டதால், அவள்தான் அயலவரைக் கூட்டி வந்திருக்கிறாள் என்று திரும்பாமலே தொடர்ந்தேன். எத்தனையாவது மணியில் நிற்கிறேன் என்பதே மறந்துபோயிற்று. மூன்று வருடத்தில் முதல்முறையாக மூச்சு அடிவயிறுவரை போய் வந்தது.

பக்கவாசலில் பாத்திரச் சத்தம். றெஜினா பெரிய கேத்தலோடு நின்றாள்.

“எங்கை சனம்? வீடுவரைக்கும் கேட்டுது, அவ்வளவு பேருக்கும் தேத்தண்ணி ஊத்திக்கொண்டு வாறன்!”

“நீர் இப்பத்தான் வாறீரோ?”

“பின்னை? தண்ணி கொதிக்காம எப்பிடி வாறது?”

திரும்பிப் பார்த்தேன். மணலும் உடைந்த சுவரும்தான்.

அன்றிரவு நித்திரை வந்தது, இன்றுவரை வருகிறது. றெஜினாவும் வவுனியாவுக்குப் போகவில்லை. ஆனால் போரில் இறந்த எங்கள் ஊரவருக்காகப் பூசை கேட்கப் போனபோது, அவள் பெயருக்கும் ஒன்று கேட்டேன். பூசைக் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்த பங்குச் சுவாமி பேனையை நிறுத்தினார்.

“அவ சுகமாத்தானே இருக்கிறா, மாஸ்ரர்? எந்தப் பக்கத்திலை எழுதுறது?”

“உயிரோட இருக்கிற ஆக்களின்ரை பக்கத்திலை எழுதுங்கோ, சுவாமி.”

அவள் குரல் அந்தக் கூட்டத்துக்குள் எப்படி வந்தது என்பதை அவளிடம் இன்னும் நான் கேட்கவில்லை. பூசை இரண்டு, ஆக ஆயிரம் ரூபா.