பாட்டை நிறுத்தாதீங்க

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. நடந்தது நடந்ததுதான். அமிர்தராஜ் குடிக்க மாட்டார். கதை கட்டவும் தெரியாதவர். திருச்சி பெரிய கடைவீதியில் கடிகாரம் ரிப்பேர் செய்பவர். அதனால் இதில் வரும் ஒவ்வொரு நேரமும் அவர் கைக்கடிகாரம் காட்டிய நேரம்.

அப்போது அவருக்கு முப்பத்தொரு வயது. கல்யாணம் ஆகவில்லை. ‘வெண்புறா மெல்லிசைக் குழு’ என்றால் உயிர். சமயபுரத்தில் கச்சேரி என்றாலும் துவாக்குடியில் கல்யாணம் என்றாலும் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய் நிற்பார். ஜனங்கள் பாட்டுக் கேட்டு எழுதித் தரும் துண்டுச்சீட்டுகளை வாங்கி, மேடையில் பாடகர் லூர்துவிடம் நீட்டுவார். யாரும் கொடுத்த வேலை இல்லை. அவராக எடுத்துக்கொண்டது. அதில் அவருக்கு அவ்வளவு பெருமை.

ஆறு வருஷத்தில் ஒரே ஒரு கச்சேரிதான் தவறியது. எழுபத்தேழு நவம்பரில், ஊரில் வெள்ளம் வந்த அன்று. காய்ச்சலில் படுத்திருந்தார். குழு அன்றைக்கு உறையூர்ப் பக்கம் ஒரு மண்டபத்தில் கல்யாண வரவேற்புக்குப் பாடிக்கொண்டிருந்தது. தண்ணீர் உள்ளே புகுந்து ஒன்பது பேர் செத்துப்போனார்கள். குழுவில் ஒருவருக்கும் கீறல் கூட இல்லை.

“மாதா காப்பாத்துனாங்க” என்றார் லூர்து. அமிர்தராஜ் கோயிலுக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தார். அதற்கு மேல் அவர் எதையும் கேட்கவில்லை.

வெள்ளத்துக்குப் பிறகு குழு பாடிய முதல் கச்சேரி, அடுத்த ஜனவரியில், பாலக்கரையில் ஒரு கோயில் திருவிழா. மைதானம் நிறையக் கூட்டம். சரியாக ஆறரைக்கு ஆரம்பித்தார்கள். லூர்துவின் குரல் என்னவோ அன்று எடுபடவில்லை.

7.10. பெண்கள் பக்கம் முன்வரிசையிலிருந்து ஒரு கை நீண்டது. அரக்குப் பட்டுப் புடவை கட்டிய அம்மா. தலை நிறைய மல்லிகை. இரண்டு பக்கமும் சின்னப் பிள்ளைகள்.

“தம்பி, இதைப் பாடுறவர்கிட்ட கொடுத்துடுங்க.”

அமிர்தராஜ் பிரித்துப் பார்த்தார். பாட்டின் பெயர் எதுவும் இல்லை. ‘பாட்டை நிறுத்தாதீங்க. பிள்ளைங்க பயப்படுது.’

யாரோ தீவிர ரசிகை என்று சிரித்துக்கொண்டே மேடையில் கொடுத்தார். லூர்து படித்தார். சீட்டைக் கசக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சிரிக்கவில்லை.

7.26. பாட்டு முடிந்து கைதட்டல் ஓயும் நேரம். மறுபடி அந்தக் கை. அதே வரிகள். ஆனால் இந்தச் சீட்டு ஈரம். மடிப்பில் மணல். லூர்து வாங்கி, அந்த மணலை விரலால் தடவிப் பார்த்தார்.

“யாரு... கொடுத்தது?”

“முன்வரிசையில அரக்குப் புடவை அம்மா.”

லூர்து அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. “இனிமே சீட்டு வாங்காதே” என்றார்.

7.51. அமிர்தராஜ் யாரிடமும் கை நீட்டவில்லை. ஆனாலும் சட்டைப்பை கனத்தது. உள்ளே விட்ட விரலில் சேறு. சேற்றுக்குள் மடித்த காகிதம்...

பிரிக்க வேண்டியிருக்கவில்லை.

அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்த அம்மா மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலிக்குக் கீழே சொட்டு... சொட்டு... என்று தண்ணீர். மழை பெய்து ஒரு மாதம் ஆயிற்று. பிள்ளைகள் இரண்டும் அந்த அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்திருந்தன. இவ்வளவு நேரத்தில் ஒரு தடவைகூட அசையவில்லை.

8.12. கரண்ட் போயிற்று.

மைக் செத்தது. ஆர்மோனியம் மட்டும் ஒரு நொடி இழுத்து நின்றது. கூட்டம் வழக்கம்போலக் கூச்சல் போட்டது. விசில் அடித்தது.

அந்தச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம்.

களக்... களக்...

அமிர்தராஜுக்குக் கால் சில்லிட்டது. கணுக்கால் வரை தண்ணீர். பிறகு ஆடுசதை வரை. ஆற்றுச் சேற்றின் வாடை மூக்கில் ஏறியது.

எங்கோ மிக அருகில், பிள்ளைகள் அழுதன.

“அண்ணே, பாடுங்க!” அவர் இருட்டில் மேடையைப் பார்த்துக் கத்தினார். “மைக் வேண்டாம்ணே, சும்மாப் பாடுங்க!”

லூர்து பாடவில்லை. மேடையில் யாரோ தேம்பும் சத்தம் மட்டும்.

முழங்கால்.

காதோரம் ஈர மூச்சு.

“தம்பி... நிறுத்தாதீங்க.”

பிறந்ததிலிருந்து அமிர்தராஜ் யார் முன்னாலும் பாடியதில்லை. பாடினார். எந்தப் பாட்டு என்று இன்றைக்கும் அவருக்கு நினைவில்லை. குரல் உடைந்தது. சுருதி போயிற்று. பாடினார்.

அழுகை விம்மலானது.

விம்மல் அடங்கியது.

8.19. விளக்கு வந்தது.

தரை காய்ந்து கிடந்தது. முன்வரிசையில் மூன்று நாற்காலிகள் காலி. பக்கத்தில் இருந்த பெண்ணிடம் கேட்டார். “அங்க யாரும் உட்காரலையே. நாற்காலி ஒரே ஈரம்” என்றாள்.

லூர்து மேடையிலிருந்து இறங்கி வந்தார். அமிர்தராஜின் பேன்ட் முழங்கால் வரை நனைந்து, சேறு அப்பியிருந்தது. அதைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கச்சேரி அத்தோடு முடிந்தது. குழுவும் அத்தோடு முடிந்தது.

மூன்றாம் நாள் லூர்துவே கடைக்கு வந்தார். கையிலிருந்த கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார். ரிப்பேருக்கு இல்லை. கையை என்ன செய்வதென்று தெரியாமல் வைத்தார்.

“அந்தம்மா கல்யாணப் பொண்ணோட சித்தி, அமிர்தம். தண்ணி உள்ள வந்தப்ப சீட்டு எழுதிக் கொடுத்தாங்க. பாட்டு நின்னா பிள்ளைங்க பயப்படும்னு. நாங்க நிறுத்திட்டோம். ஆம்ப்ளிஃபையர், தபேலா எல்லாத்தையும் தூக்கிக்கிட்டு மொட்டை மாடிக்கு ஓடினோம்.”

“அவங்க?”

“பின்னாலேயே வந்தாங்க. மாடி பழசு, எல்லாரும் ஏறினா இடிஞ்சிடும்னு யாரோ கத்தினான்.” லூர்து தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். “படிக்கட்டுக்குக் கீழே இருந்த கதவை வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்டது நான்தான்.”

ஆறு வருஷம் அமிர்தராஜ் இந்தக் குரலுக்காகத்தான் சைக்கிள் மிதித்திருந்தார்.

“கொஞ்ச நேரம் கதவைத் தட்டினாங்க. அப்புறம் தட்டலை. அந்தம்மா பிள்ளைங்களுக்குப் பாட ஆரம்பிச்சாங்க. மாடியில இருந்த எல்லாரும் கேட்டோம். விடியக்காலை நாலு மணி வரைக்கும் பாடினாங்க.”

லூர்து நிமிர்ந்தார்.

“ஆனா அமிர்தம்... ராத்திரி பத்து மணிக்கே தண்ணி கீழே மண்டபத்துக் கூரையைத் தொட்டுடுச்சு.”