ரோஸி அத்தையின் மெஷினும் மஸ்கட் ஸ்ப்ரேயும்

போன திங்கட்கிழமை ரோஸி அத்தையின் தையல் மெஷின் நின்றுவிட்டது. இரண்டு கையாலும் திருப்பினாலும் சக்கரம் அசையவில்லை.

சித்தூரில் எங்கள் சபைக் கல்யாணங்களுக்குத் துணி தைப்பவர் அவர். வியாழக்கிழமை கல்யாணம். மணப்பெண்ணின் ரவிக்கையும் நாலு சிறுமிகளின் கவுனும் வெட்டிய துணியாகவே கிடந்தன. பெண்ணின் அம்மா வாசலில் நின்று சொல்லிவிட்டார்:

“நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பாப்பேன் ரோஸி. அப்பால துணிய எடுத்துக்கினு வேலூர் பஸ் ஏறிடுவேன்.”

ஒரு கல்யாணத் துணி வேலூர் போனால், அடுத்தது அத்தையிடம் வருமா?

அண்ணன் மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த, துரு இளக்கும் ஸ்ப்ரே டப்பாவோடு போனேன். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தவள் நான். முதலில் கேள்வி, பிறகுதான் கை.

“கடைசியா என்ன எண்ணெய் போட்டீங்க அத்தை?”

“முட்டி வலிக்குப் போதகர் ஐயா ஜெபம் பண்ணிக் குடுத்தாரே, அந்தத் தேங்கா எண்ணெதான். முட்டிக்கு நல்லா கேட்டுச்சு. மெஷினுக்கும் தெனம் ஒரு சொட்டு வுட்டுக்கினு வர்றேன்.”

மெஷினைச் சாய்த்துப் பார்த்தேன். மூட்டுக்கு மூட்டு பழுப்புப் பிசின்! தேங்காய் எண்ணெய் இரும்பில் நாள்பட்டால் அப்படித்தான்.

ஸ்ப்ரே தீப்பிடிக்கும் என்பதால், எரிந்துகொண்டிருந்த ஸ்டவ்வை அணைக்கச் சொன்னேன். ஸ்ப்ரே அடித்தேன். கால் மணி நேரம் காத்திருந்தோம். பிசின் கரைந்து வழிந்தது... சக்கரம் ஒற்றை விரலுக்குச் சுற்றியது!

துருப்பிடித்த நட்டு, மழையில் நனைந்த பூட்டு, மொபெட்டின் ஈர ப்ளக் — என் நோட்டில் இந்த டப்பாவின் வெற்றிப் பட்டியல் நீளம். ஆனால் ஒன்று. அழுக்கைக் கரைப்பதும் ஈரத்தை விரட்டுவதும்தான் அதன் வேலை. அதில் எண்ணெய்ப் பசை கொஞ்சம்தான், நிலைக்காது. துடைத்துவிட்டு, மெஷின் ஆயில் போட்டே ஆகவேண்டும். சைக்கிள் செயினுக்கும் இதே கதைதான்.

போட்டேன். பழைய துணியில் கறை விழுவது நிற்கும்வரை ஓட்டிப் பார்த்துவிட்டு, மணப்பெண்ணின் வெள்ளைத் துணியை அத்தையிடம் கொடுத்தேன்.

அத்தை புடவையை முழங்கால்வரை தூக்கினார். “இங்கியும் ரெண்டு அடி அடிச்சிட்டுப் போடி.”

“ஐயோ, இது மனுஷங்களுக்கு இல்ல அத்தை!”

“இரும்பே எளகுது, எலும்பு எளகாதா? இன்னா படிப்பு படிச்சியோ!”

வியாழக்கிழமை மணப்பெண் ஆலயத்துக்குள் நடந்து வந்தாள். ரவிக்கையில் ஒரு பொட்டு எண்ணெய் இல்லை. அவள் அம்மா அங்கேயே இளைய மகளின் கல்யாணத்துக்கும் அத்தையிடம் சொல்லி வைத்துவிட்டார்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும், அத்தை போதகரிடம் ஒரு பாட்டிலை நீட்டி, “ஜெபம் பண்ணிக் குடுங்கய்யா” என்றார். எட்டிப் பார்த்தேன். மெஷின் ஆயில்!

மெஷினுக்கு மட்டும் என்றால், மெக்கானிக்கல் தரப்பில் ஆட்சேபணை இல்லை.