டச்சு மந்திரியின் நெற்றி

காலை எட்டு மணிக்கு ஜகதீசன் புத்தகத்துக்குக் காற்றுக் காட்டுகிறார். முதுகுக்கு ஒரு கை, அடிக்கு ஒரு கை; பச்சைக் குழந்தையைத் தூக்கும் பக்குவம். மேசையில் கிடத்தி, தாள் தாளாகப் புரட்டி, பூச்சி இல்லையென்று தெரிந்த பிறகுதான் காப்பி.

ரயில்வேயில் முப்பது வருஷம் குமாஸ்தா. மைசூரை விட்டுப் போன வெள்ளைக்கார என்ஜினீயர் ஒருவரின் பங்களா ஏலத்தில் நாற்காலி வாங்கப் போனவர், இதை வாங்கி வந்தார். இருநூறு வருஷத்துக்கு முன் டச்சு மந்திரிகள் தங்கள் அரசியல் அனுபவங்களை எழுதிவைத்த நூல், கிடைப்பதற்கு அரியது என்று ஒரு பாதிரியார் பார்த்துச் சொன்னார். ஜகதீசனுக்கு டச்சில் ஓர் எழுத்தும் தெரியாது. அபிப்பிராயம் மட்டும் உண்டு. "எவ்வளவு எழுதித் தள்ளியிருக்கான் பாரு! செஞ்சது கொஞ்சமாத்தான் இருக்கும்."

மனைவி வாலாம்பாள் விடமாட்டாள். "ஏன்னா, படிக்கத் தெரியாத புஸ்தகத்துக்கு இத்தனை உபசாரமா? தெரிஞ்சவா கையில குடுங்கோ."

நியாயம்தான். அதனால்தான், டச்சு படித்த பெங்களூர் வக்கீல் பசவராஜ் கடிதம் எழுதிக் கேட்டபோது, தருவதாகப் பதில் போட்டார். போட்ட நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

தசரா முடிந்த மறுவாரம் வக்கீல் வந்தார். அட்டையைத் தடவிப் பூரித்தார். திறந்தார். முதல் பக்கத்துப் படத்தில், தாம்பாளம் அகலத்துக்குக் கழுத்துப்பட்டை கட்டிய மந்திரி ஒருவர். அவர் நெற்றியில் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

"ஏனு ஸ்வாமி இது!"

"சரஸ்வதி பூஜைக்கு நான்தான் வெச்சேன்" என்றாள் வாலாம்பாள். "அட்டை கன்னுக்குட்டித் தோலாமே. தோலுக்கா பொட்டு வைக்கறது? அதான் திறந்து இவருக்கு வெச்சேன். பன்னெண்டு வருஷமா வெக்கறேன்."

வக்கீல் கைக்குட்டையை நனைத்துத் துடைத்தார். பொட்டு போகவில்லை, மூக்கு நுனிவரை இழுபட்டது.

"படமே கெட்டுப்போச்சு. எனக்கு பேட ஸ்வாமி, வேண்டாம், நீங்களே வெச்சுக்குங்க." ஜட்காவில் ஏறிப் போய்விட்டார்.

வாலாம்பாளுக்கு முகம் சுண்டிவிட்டது. "என்னாலதானே கெட்டது? ஒரு வார்த்தை திட்டிடுங்கோளேன்."

"பசிக்கறது. இலையைப் போடு" என்றார் ஜகதீசன்.

அவள் உள்ளே போனதும் குங்குமச் சிமிழை எடுத்து வந்தார். மந்திரியின் மூக்கில் வழிந்திருந்ததை வேட்டி நுனியால் ஒற்றினார். பிறகு மோதிர விரலால், நெற்றியில் பொட்டைப் புதிதாக, வட்டம் பிசகாமல் வைத்தார்.